கொட்டச்சேட்டில் ஒரு மணி நேரத்தின் விலை

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் யாரும் பார்த்திராத விலை. சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் அப்போது கடைசிப் பறிப்பு முடிந்து களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடையில் காலையிலிருந்தே விலைப் பேச்சுதான். அதே வாரம் என் ஐ.டி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் வந்தது. ஆறு மாத நீட்டிப்பு, 2019இல் பேசிய அதே ரேட். அதிலும் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லிப் பத்து சதவீதக் கழிவு. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும், வரிசையில் வேறு ஆள் இருக்கிறார் என்று, வேலையை இடையில் நின்று வாங்கித் தரும் வெண்டர் போனில் சொன்னார்.

இந்த மலையில் விளையும் காபிக்கும், இதே மலையில் உட்கார்ந்து எழுதும் நிரலுக்கும் விலை இங்கே தீர்மானமாவதில்லை. காபிக்காரர்களுக்கு இது தலைமுறைகளாகத் தெரியும். விலை விழுந்த வருஷத்தில் தன் செடியைக் குறை சொல்கிற விவசாயியை நான் பார்த்ததில்லை. ஐ.டி. ஒப்பந்த வேலையில் இருப்பவர்களோ ரேட் ஏறாதபோது தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, புதிய டெக்னாலஜி படிக்கவில்லை, ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று ஆளுக்கொரு காரணம். வீட்டில்கூடச் சொல்லாமல் மருகுகிறவர்கள் உண்டு. ரேட் ஏன் நிற்கிறது, வேலை ஏன் குறைகிறது, இதற்குத் தனி ஆள் என்ன செய்ய முடியும், எந்த இடத்துக்குமேல் தனி ஆளால் முடியாது என்பவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. 2010களின் தொடக்கத்தில் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் பொறியியல் முடித்துவரும் புதியவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 3 முதல் 3.5 லட்சம். பத்தாண்டு கடந்த பிறகும் டிசிஎஸ் நிறுவனத்தின் அடிப்படைத் தொடக்கச் சம்பளம் 3.36 லட்சம். 2024 ஆகஸ்டில் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு காக்னிசன்ட் அறிவித்த 2.52 லட்சம் நாடு முழுக்கப் பேச்சானது. 2012ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2024 நடுவில் 193 அளவுக்கு வந்துவிட்டது. அப்படியானால் அப்போதைய 3.36 லட்சத்தின் மதிப்பு 2012 விலையில் ஏறக்குறைய 1.74 லட்சம். அடிப்படி இப்படி அமுங்கிக் கிடக்கும்போது அதற்கு மேலே இருக்கும் அனுபவசாலியின் ரேட்டும் எழும்பாது. பேரம் பேசுகிறவர் கையில் எப்போதும் ஒரு மலிவான மாற்று ஆள் இருப்பார்.

டாலரில் பில் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கு 25 டாலர் வாங்கியவருக்கு 2012இல், டாலர் 53 ரூபாய் இருந்த காலத்தில், 1,325 ரூபாய் கிடைத்தது. 2025இல் 87 ரூபாய் என்று வைத்தால் 2,175. கூடியது 64 சதவீதம். அதே காலத்தில் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பானது. ரூபாயின் சரிவு ரேட் தேக்கத்தைக் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலைப் பஞ்சத்துக்கும் எண்கள் இருக்கின்றன. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் 13,249 பேரும், இன்ஃபோசிஸில் 25,994 பேரும், விப்ரோவில் 24,516 பேரும் குறைந்தார்கள். மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 64,000. 2025 ஜூனில் டிசிஎஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: ஆண்டில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பென்ச், அதாவது திட்டம் இல்லாமல் காத்திருக்கும் காலம், 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவுக்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நிரந்தர ஊழியருக்கே 35 நாள்தான் தாங்கல். ஒப்பந்தக்காரருக்கு பென்ச் என்பதே கிடையாது. திட்டத்திலிருந்து ரோல்-ஆஃப் ஆன தேதியோடு வரவு நின்றுவிடும். பெரிய நிறுவனத்தின் ஆட்குறைப்பு செய்தியாகவாவது வரும். வெண்டர் வழியாக வந்தவர் போனால் எந்தக் கணக்கிலும் ஏறாது.

காரணம் கேட்டால் இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவைக் கை காட்டுகிறார்கள். அதன் பாதிப்பை நான் மறுக்கவில்லை. முன்பு மூன்று பேரைக் கேட்ட வேலைக்கு இப்போது இரண்டு பேரைக் கேட்கிறார்கள் என்பதை என் வேலையிலேயே பார்க்கிறேன். ஆனால் சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். தொடக்கச் சம்பளம் அசையாமல் நின்றது அதற்குப் பத்தாண்டு முன்பிருந்து. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. டிசிஎஸ் தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசனும் அந்த ஆட்குறைப்புக்குச் செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாமைதான் காரணம் என்றுதான் சொன்னார்.

வேலைப் பஞ்சத்துக்கு உடனடிக் காரணம் பணத்தின் விலை. தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. நிறுவனங்கள் வாரி இறைத்தன, இங்கே ஆள் கிடைக்காமல் ரேட் எகிறியது. 2022 மார்ச்சிலிருந்து வட்டி ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5.25-5.50 சதவீதம் வரை போனது. தள்ளிப்போடக்கூடிய திட்டங்களை எல்லாம் வாடிக்கையாளர்கள் தள்ளிப்போட்டார்கள். 2023-24இல் இன்ஃபோசிஸின் வளர்ச்சி, நாணய மாற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 1.4 சதவீதம்.

இது போகும், வரும். ரேட் தேக்கத்தின் ஆழமான காரணம் வேறு. அது லேயர்.

ஓர் உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் மணிக்கு 100 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதன்மை நிறுவனம் 35ஐ எடுத்துக்கொண்டு 65க்கு வெண்டரிடம் விடுகிறது. வெண்டர் 15 எடுத்துக்கொண்டு 50க்கு சப்-வெண்டரிடம் தள்ளுகிறார். அவர் 8 எடுத்துக்கொண்டபின் வேலை செய்கிறவருக்கு வருவது 42. இப்போது வாடிக்கையாளர் 5 ரூபாய் குறைக்கச் சொல்கிறார். நடுவில் இருப்பவர்கள் தங்கள் பங்கைத் தொட விடமாட்டார்கள். அந்த 5 ரூபாய் இறங்கி இறங்கிக் கடைசி ஆளின் தலையில் வந்து விழும். 42இல் 5 போனால் 12 சதவீதம். மேலே 5 சதவீதமாகப் புறப்பட்ட வெட்டு கீழே வரும்போது 12 சதவீதமாகிவிடுகிறது. ரேட் ஏறுகிற காலத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மேலே கிடைத்த 5 ரூபாய் வழியிலேயே தேங்கிவிடும். மேலே என்ன ரேட் என்பது கடைசி ஆளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது.

மலைத்தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழகிய முகம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரிலிருந்து போனதுபோல் சேலம் மாவட்டத்திலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். அவர்களைத் திரட்டிக்கொண்டு போனவர் கங்காணி. தென்னிந்தியக் காபித் தோட்டங்களில் அவரே மேஸ்திரி. தன் ஆள் ஒருவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் வேலை செய்யாத நாளில் கங்காணிக்கும் காசில்லை. ஆனால் ஆள் பட்ட கடன் கங்காணியின் கையில் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது அது. இலங்கையில் 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

அந்த மக்கள் பட்ட பசியையும் நோயையும் சாவையும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கஷ்டத்தோடு சமமாக வைக்க எனக்கு மனம் வராது, வைக்கவும் கூடாது. ஏற்பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் பாருங்கள். டைம்ஷீட்டில் ஏறுகிற ஒவ்வொரு மணிக்கும் நடுவில் இருப்பவருக்கு ஒரு பங்கு. விலகிப் போக ரிலீவிங் லெட்டர். வாடிக்கையாளரிடம் நேரடியாக ஓராண்டு, ஈராண்டு சேரக்கூடாது என்று ஒரு ஷரத்து. இந்த ஷரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஷரத்து பொதுவாகச் செல்லாது என்பதே அதன் சாரம். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வந்த வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, விலை விழும்போது காபிக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது எல்லோரும் சொல்வது. அதன்பின் எத்தனையோ முறை விலை விழுந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதிச் சந்தை அடைபட்டபோது 1942இல் சட்டம் வந்தது. விளைந்த காபி முழுவதையும் காபி வாரியம் பொதுக் கிடங்கில் வாங்கி விற்றது. அந்த ஏற்பாட்டில் ஆயிரம் குறை உண்டு, பணம் தவணை தவணையாகத்தான் வரும். ஆனாலும் சிறு விவசாயி தனியாக வியாபாரி முன்னால் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1989இல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்தது. 1992இலிருந்து 1996க்குள் இங்கேயும் பொதுக் கொள்முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2001இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது தடுத்துப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை. அந்த வருஷங்களில் தோட்டங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் அதில் ஏற்றிய மிளகுக் கொடியும்தான். காபி கைவிட்டால் மிளகு, அதுவும் போனால் மரம்.

தோட்டத் தொழிலாளிக்கு 1951இல் தனிச் சட்டமே வந்தது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், விடுப்பு எல்லாம் தோட்ட முதலாளியின் கடமை என்று அது எழுதிவைத்தது. எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் இருந்தது. விளைபொருளுக்கு ஒரு வாரியம், உழைப்புக்கு ஒரு சட்டம். ஐ.டி. ஒப்பந்தக்காரருக்கு இந்த இரண்டும் இல்லை. என் கட்சி இதுதான்: தனி ஆளின் சமாளிப்பு மிளகுக் கொடி போல, ஒரு மோசமான வருஷத்தைத் தாண்டவைக்கும். விலையை அது மாற்றாது.

தாண்டுவதும் முக்கியம்தான், அதனால் மிளகுக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலர் தோற்பது முதல் கணக்கிலேயே. ஒரு குடும்பத்துக்கு மாதம் 60,000 வேண்டும் என்றால் ஆண்டுக்கு 7.2 லட்சம். மருத்துவக் காப்பீடு, கணினி, இன்வெர்ட்டர், இரண்டு இணைய இணைப்பு, கணக்காளர் என்று 1.5 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி இல்லாததால் முதுமைக்கு நாமே ஒதுக்குவது 1.3 லட்சம். வரி போக மொத்தம் 10 லட்சம். விடுமுறையும் உடம்புக்கு முடியாத நாளும் கழித்து ஆண்டில் 230 நாள் வேலை என்று வைத்தால் மணிக்கு 543 ரூபாய் போதும். எல்லோரும் போடுவது இந்தக் கணக்கு. ஆனால் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்க நேரும் இந்தக் காலத்தில் பில் போடக்கூடிய நாள் 170தான் தேறும். அப்போது மணிக்கு 735 வேண்டும். 543க்கு ஒப்புக்கொண்டவர், வேலை இல்லாத மாதங்களுக்கான செலவைத் தன் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளருக்கு மானியமாகக் கொடுக்கிறார்.

ரேட்டைக் குறை என்று அழுத்தும்போது, மணி நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன், ரேட் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்ப்பது மேல். எல்லா நேரமும் நடக்காது. நடந்தால் ஐந்தாவது நாள் நம் கைக்கு வரும். ஒருமுறை இறங்கிய ரேட் அதே இடத்தில் திரும்ப ஏறி நான் பார்த்ததில்லை. முடியாதபோது வேறெதையாவது பதிலுக்குக் கேட்க வேண்டும்: ஆறு மாதத்துக்குப் பதில் ஓராண்டு, பதினைந்து நாள் நோட்டீஸுக்குப் பதில் இரண்டு மாதம், ஒரு லேயர் குறைவு. ஒரு லேயர் குறைந்தாலே, மேலே சொன்ன உதாரணத்தில், 42 என்பது 50 ஆகிறது. எந்தச் சான்றிதழ் படித்தாலும் அந்த 19 சதவீதம் ஏறாது என்பது என் அனுபவம். சான்றிதழ்களுக்காகக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

வரியில் ஓர் ஆறுதல் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவாக 2016-17இலிருந்து வந்த ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட தொழில்களில் வரவின் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் இதன் வரம்பு 75 லட்சம். தன் வேலை அந்தப் பட்டியலுக்குள் வருகிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

பணம் இழுத்தடிக்கப்படுவது ரேட் குறைவதைவிடக் கொடுமையானது. மூன்று மாத இன்வாய்ஸ் நிலுவையில் இருக்கும்போது பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. உதயம் பதிவு வாங்கிய குறுந்தொழிலாக இருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் சேர்த்தது: அந்தக் காலத்துக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. புகார் கொடுப்பதற்கு முன் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மரியாதையான கடிதம் எழுதுங்கள். என் நிலுவை ஒன்று அப்படித்தான் வந்தது.

அடுத்து, ஊடுபயிர். சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் வளாகம் இருக்கிறது, கருப்பூரில் 2024இல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். இவை இளைஞர்களுக்கு நல்லது. எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பயன்படுவது மலையடிவாரத்தில் ஏற்கனவே இருக்கும் தொழில்கள்: மருத்துவமனைகள், ஜவுளி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், சேகோ ஆலைகள். ரேட் குறைவுதான், பேச்சுக்கு அலைய வேண்டும், ஆனால் நடுவில் ஆள் இல்லை. சிகாகோவில் பட்ஜெட் வெட்டினால் சேலம் செவ்வாப்பேட்டையில் வேலை நிற்காது.

மலையில் இருப்பதால் செலவு குறைவு என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தபோது மலைப்பாதையில் மண் சரிந்தது, மின்சாரம் போனது. வேலை செய்யாத நாளுக்கு பில் இல்லை. வாடகையில் மிச்சமானது அந்த வாரத்தில் போய்விட்டது.

இனி தனி ஆளால் முடியாத பகுதி. ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் கூடாது என்று ஒரு நம்பிக்கை நெடுநாள் இருந்தது. சென்னையில் புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணி நீதிமன்றம் போன பிறகு, தொழில் தகராறுச் சட்டம் ஐ.டி. துறைக்கும் பொருந்தும் என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அது நிரந்தர ஊழியருக்குத் திறந்த கதவு. ஒப்பந்தக்காரருக்கு 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதன் மத்திய விதிகளில், நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி என்று ஓர் உறுதியே இருந்தது. ஆனால் மேற்பார்வைப் பொறுப்பில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் தொழிலாளியே இல்லை என்றது சட்டம். நாலு பேருக்கு லீட் என்று பெயர் வைத்துவிட்டால் முடிந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. குறித்த கால ஊழியருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்பது அதில் நல்லது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி இனி 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தும் என்பது கெட்டது. சப்-வெண்டர்கள் பலர் அந்த எண்ணுக்குக் கீழேயே இருப்பார்கள்.

இன்வாய்ஸ் போட்டு வேலை செய்கிறவரோ இந்த எதற்குள்ளும் வரமாட்டார், அவர் சட்டத்தின் கண்ணில் ஒரு வியாபாரி. கிக் தொழிலாளர்களுக்கு 2023இல் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது சரியான செயல். அது உணவும் ஆளும் கொண்டுசெல்லும் செயலிக்காரர்களை நினைத்து அமைத்தது. வெளிநாடுகளிலும் இந்த இடைவெளி இருக்கிறது. பிரிட்டனில் ஐஆர்35 விதியால் யார் உண்மையில் ஊழியர் என்று முடிவு செய்யும் பொறுப்பு 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய தனியார் வாடிக்கையாளரிடம் போனது. பல நிறுவனங்கள் தகராறே வேண்டாம் என்று சொந்தக் கம்பெனி வைத்திருந்த ஒப்பந்தக்காரர்களை எடுப்பதையே நிறுத்தின. பெல்ஜியத்தில் ஸ்மார்ட் என்ற அமைப்பு, தனித்தனியாக வேலை செய்பவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்து, வாடிக்கையாளரிடம் தானே பில் போட்டு, உறுப்பினருக்குச் சம்பளமாகக் கொடுக்கிறது. வாடிக்கையாளர் இழுத்தடித்தாலும் உறுப்பினர் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு பெல்ஜியம் போக வேண்டாம். கேரளத்தின் வடகரையில் 1925இல் கூலித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் ரோடும் பாலமும் கட்டி, இன்று கோழிக்கோட்டில் ஓர் ஐ.டி. பூங்காவையே நடத்துகிறது. அதைவிடப் பக்கத்தில், இந்த மலையிலிருந்து இறங்கினால் சேலத்திலேயே சேகோசர்வ் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகர்கள் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1981இல், கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். சரக்கை ஒரே கிடங்கில் வைத்து, மறைமுக டெண்டரில் வியாபாரிகளை விலை சொல்ல வைத்தார்கள். அவர்களும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஜவ்வரிசிக்கு முடிந்த இது நிரலுக்கு முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. கிடங்குகூட வேண்டாம், பில் போட ஒரு பொதுப் பெயரும் இரண்டு மாத வரவைத் தாங்கும் ஒரு நிதியும் போதும்.

அதற்கு முதற்படியாக ஏற்காடு, சேலம், ஆத்தூர் மூன்று இடங்களிலிருந்து ஏழு பேர் எங்கள் ரேட்டை ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது முறை ஒரு தாளில் எழுதி மடித்துப் போட்டோம். பிரித்துப் பார்த்தபோது ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே வேலையைச் செய்யும் இருவர் அதில் இருந்தது தெரிந்தது. ஒருவர் வாங்குவது மற்றவரைவிடக் கால் பங்கு குறைவு. அவருக்கு மேலே ஒரு வெண்டர் கூடுதல். இருவருக்கும் நீட்டிப்பு ஜூனில் வருகிறது. ஒரே நாளில், ஒரே ரேட்டைக் கேட்டுப் பதில் அனுப்புவதென்று பேசி வைத்திருக்கிறார்கள்.